தன் முறையைக் கொடுத்துவிடுகிறவர்

எங்கள் சந்தில் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று யாரும் கூவ வேண்டியதில்லை. குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தமே சொல்லிவிடும். மந்தைவெளியில் என் மெக்கானிக் கடைக்கு எதிரேதான் லாரி நிற்கும். ஒரு கோடையில் அந்த வரிசையில், முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, முதுகை வளைக்காமல் நின்றிருந்த ஒருவரை முதன்முதலாகக் கவனித்தேன். கையில் இரண்டு பச்சைக் குடம்.

அவர் முறை வந்தது. குழாயில் கை வைக்காமல் பின்னால் திரும்பினார். இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணிடம், "நீ புடிம்மா மொதல்ல" என்றார். அவள் பிடித்தாள். அடுத்து ஒரு வயதானவர். "பெரியவரே, வாங்க." அதற்கடுத்து பூக்காரம்மா. எனக்கு வியாபாரத்துக்கு நேரமாச்சு என்று அந்தம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தைத்தான் அப்படி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் வழிவிட்டார். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். லாரியில் தண்ணீர் தீர்ந்தது. மனிதர் இரண்டு வெறுங்குடத்தையும் தூக்கிக்கொண்டு, பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி வீட்டுக்கு நடந்தார்.

மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏன் மாமா, பார்டர்லயும் இதான் வேலையா? எதிராளி வந்தா, நீ முன்னாடி போ, நீ முன்னாடி போன்னு அனுப்பிக்கினு கீறியா?"

சந்தே சிரித்தது. அவரும் நின்று சிரித்துவிட்டுத்தான் படியேறினார்.

பட்டாளத்துக்காரர். ஹவில்தார். பெயர் வேண்டாம், எங்கள் சந்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. எனக்கு அவர் அண்ணா. அவருக்கு நான் நைனா. அவர் மனைவியை அண்ணி என்பேன். குழந்தை இல்லை. அண்ணி அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார்.

லீவு முடிந்து போகும்போதெல்லாம் அண்ணா தன் பழைய நூறு சிசி வண்டியை என் கடையில்தான் விட்டுவிட்டுப் போவார். வாரத்துக்கு ஒருமுறை உதைத்து ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட வேண்டும். மேலேயிருந்து போன் செய்வார். மேலே என்றால் எங்கே என்று கேட்கக் கூடாது. பாலைவனத்தில் இருந்தபோதும் மேலேதான், பனிமலையில் இருந்தபோதும் மேலேதான். "ஸ்டார்ட் பண்ணு நைனா, சத்தத்தக் கேக்கறேன்" என்பார். நான் போனை சைலன்சர் பக்கம் பிடிப்பேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "போதும், ஆஃப் பண்ணு, பக்கத்துல கீறவன் இன்னா லாரியான்னு கேக்கறான்" என்பார்.

வண்டி ஒரு சாக்கு. அவருக்குப் பேச ஆள் வேண்டும். அண்ணியிடம் சாப்பிட்டாயா தூங்கினாயா என்றுதான் பேச வரும். மற்றதெல்லாம் என்னிடம்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்காதவன். பேசுகிறவர்களிடமிருந்துதான் எதையும் கற்றுக்கொண்டேன். ஆகவே அண்ணா சொன்னதில் பாதி இன்னும் மனப்பாடம்.

"நான் சுட்டதவிட தொடச்சது ஜாஸ்தி நைனா. துப்பாக்கியச் சொல்றேன்."

"பட்டாளத்துல பாதி வேலை காத்துக்கினு இருக்கறது. மீதி வேலை, காத்துக்கினு இருக்கறவன் தூங்காம பாத்துக்கறது."

நெஞ்சில் வரிசையாக ரிப்பன் குத்தியிருப்பாரே, அதைப்பற்றி ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் எங்கெங்க போனேன்றதுக்குக் குடுத்தது. இன்னா செஞ்சேன்றதுக்கு ஒண்ணுகூட இல்ல. பஸ் டிக்கெட் மாதிரி வெச்சுக்கோயேன்."

இந்தப் பேச்செல்லாம் அவருடைய கடைசி மலைப் பணியின்போது வந்தது. சர்வீஸ் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடு என்று கேட்டிருந்தார்கள். மனிதர் எழுதாமல் நாளைக் கடத்தினார். சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று, பொழுது சாய்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, தன் பட்டாள வாழ்க்கையைப் பழைய துணி மாதிரி உதறி உதறிப் பார்ப்பார்.

"இத்தினி வருஷம் இன்னாடா பண்ணேன்னு யோசிச்சேன் நைனா. மூட்டை கட்னேன். மூட்டை அவுத்தேன். நடுவுல நின்னேன்."

"நின்னதாலதான நாங்க இங்க தூங்கறோம்?"

"நீ கொசு கடிக்காத நாள்ல தூங்கற. எம்மேல பாரத்தப் போடாத."

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். ஏன் அண்ணா எதற்கெடுத்தாலும் உங்கள் முறையைத் தூக்கி அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள் என்று. கேட்கக் காரணம் இருந்தது. அவர் லீவுகூட அப்படித்தான். அங்கே ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் லீவில் போகலாம் என்று கணக்கு. ஒருத்தன் திரும்பி மேலே வந்தால்தான் அடுத்தவன் கீழே இறங்க முடியும். அண்ணாவின் முறை வருவதற்குள் யாருக்காவது தங்கை கல்யாணம், யாருக்காவது அப்பா படுக்கையில். கொடுத்துவிடுவார். பொங்கலுக்கு வருகிறேன் என்பவர் ஆடியில் வருவார். ஒன்று சொல்ல வேண்டும், நல்ல முறையைத்தான் கொடுப்பார். பனியில் காவல் நிற்கிற முறையை யாருக்கும் கொடுத்ததில்லை. மற்றவனுடையதையும் சேர்த்து வாங்கிக்கொள்வார் என்று அவரோடு இருந்த ஒருவன் லீவில் வந்தபோது என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அண்ணா சொன்ன பதில் இது.

"சேந்த புதுசு. எங்கப்பா செத்துட்டாருன்னு தகவல் வந்துச்சு. கீழ எறங்கற வண்டில ஒரே ஒரு எடம். அது எனக்கு மேல ரேங்க்ல இருந்த ஒரு தெலுங்குக்கார நாயக்கோடது. பெட்டியக் கட்டி, ஷூவ பாலீஷ் போட்டு, வண்டில கால வெச்சுட்டான். என் மூஞ்சியப் பாத்தான். எறங்கிட்டான். 'நுவ் போ'ன்னான். ஒரு பீடி குடுக்கற மாதிரி குடுத்தான் நைனா. நான் வந்து எங்கப்பாவுக்குக் கொள்ளி வெச்சேன். திரும்பிப் போனப்பறம்தான் தெரிஞ்சிச்சு, அவன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கெளம்பி இருந்திருக்கான். கல்யாணத்துக்கு வாங்கின ஸ்வீட்ட அன்னிக்கே பிரிச்சு எல்லாருக்கும் பங்கு வெச்சுட்டானாம். எனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தான். அதத் தின்னவன்டா நான்."

இந்தக் கதையைக் கேட்ட அன்று, இப்படி ஒரு மனிதரை எனக்குத் தெரியும் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அண்ணியிடமும் சொன்னேன். அண்ணி, "எனக்குத் தெரியும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அண்ணிக்கு அப்போதே உடம்பு சரியில்லை. மாதாமாதம் போகிற ரத்தம் நிற்காமல் போனது. பட்டாளத்துக் குடும்பங்களுக்கான ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கட்டிகள் இருக்கின்றன, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ரொம்ப நாள் தள்ளாதீர்கள் என்றார்கள். அண்ணி என் மனைவியிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாராம். "அது இருந்து எனக்கு ஒண்ணும் ஆவல. ஆனா எடுக்கறப்ப அவரு வெளிய நிக்கணும்."

அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

அண்ணாவின் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது அவர்தான். ஆஸ்பத்திரியில் நாள் வாங்கச் சொல்லிவிட்டார். அண்ணி வாங்கிவிட்டார். வேலை செய்கிற வீட்டில் லீவும் சொல்லியாயிற்று. அந்த வீட்டு மாமி, "ஏண்டி, இப்படி வெளுத்துப்போய் நிக்கறியே, ஆம்படையான் வரவரைக்கும் வியாதி வாசல்ல காத்துண்டிருக்குமோ?" என்று கடிந்துகொண்டார்களாம். "இந்த வாட்டி வந்துடுவாரு மாமி" என்று சொல்லிவிட்டு வந்தார் அண்ணி.

அந்த வாரம் அண்ணா என்னைக் கூப்பிட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை.

"நைனா, அவகிட்ட ஒண்ணு சொல்லணும். நீ சொல்றியா?"

"இன்னாண்ணா?"

"ஒரு பையன் கீறான். திருவண்ணாமலைப் பக்கம். பொண்டாட்டிக்கு இதான் மாசம். மொதப் புள்ள. அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்ல. பையன் சோறு துன்னாம உக்காந்துக்கினு கீறான்."

"அண்ணா, வேணாம்."

"குடுத்துட்டேன்டா. அவன் கீழ எறங்கிட்டான். அவன் திரும்பினதும் நான்தான். கொஞ்ச நாளு."

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று போனை வைத்தேன். அவரிடம் நான் அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை.

அவர் அண்ணியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலையில் அண்ணி வேலைக்குப் போகிற வழியில் கடைவாசலில் நின்றார். திட்டவில்லை, அழவில்லை. கழற்றிப் போட்டிருந்த ஒரு டயரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஊரே அவர நல்லவருன்னுது. நானும் அதத்தான் சொல்றேன். ஆனா தம்பி, அவரு எடுத்துக் குடுக்கறது யாரோடது? லீவு அவருக்கு மட்டுமா வருது? எனக்குந்தான வருது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

அண்ணி போனபின், அண்ணாவைப்பற்றி இத்தனை வருஷம் நான் பேசிய பெருமையை எண்ணிப் பார்த்தேன். புதுப் பிள்ளைக்கு ஒருவனை அனுப்பிவிட்டு, பிள்ளையே இல்லாத தன் மனைவியைக் காக்கவைத்திருக்கிறார். நல்ல காரியமா கெட்ட காரியமா என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தராசு ஆடிக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் டி.வி.யில் கத்த ஆரம்பித்தார்கள்.

டீக்கடை டி.வி.யில் எப்போது பார்த்தாலும் வரைபடம், அதன்மேல் சிவப்பு அம்பு, சேனலுக்கு ஒரு ரிட்டயர்டு ஜெனரல். எல்லையில் என்னமோ நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. லீவெல்லாம் ரத்து, போனவர்களும் உடனே திரும்ப வேண்டும் என்று செய்தி. அண்ணாவின் போன் அணைந்துவிட்டது. எத்தனை தடவை அடித்தாலும் அந்தப் பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்தியில் சொன்னது. எதற்கு வெளியே என்று யோசிக்காமல் மறுபடி அடிப்பேன்.

டீக்கடையில் ஒருவன், "அடிக்கணும் மச்சி, விடவே கூடாது" என்று பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னான். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார். அவன், "ஏன் தலைவரே, வையேன்" என்றான். "எங்க சந்து ஆளு ஒருத்தரு மேல கீறாரு. நீ டீயக் குடி" என்றார் கடைக்காரர்.

அண்ணி தினமும் சாயங்காலம் என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காருவார். "வந்துச்சா?" என்பார். "இல்லண்ணி" என்பேன். நான் ஏதாவது ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். என் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்துவிடுவார். யாரோ ஒருவர் பிரேக் ஒயர் கேட்டுக் கூப்பிட்டிருப்பார். மறுபடி உட்காருவார். உட்காருவது நாளுக்கு நாள் மெதுவானது. உதட்டில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் வாங்கின நாளைத் தள்ளி வைத்திருந்தார். தள்ளிய நாளும் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் ஸ்டூலிலிருந்து எழுந்தவர் அப்படியே ஷட்டரைப் பிடித்துக்கொண்டார். கண் மேலே போயிற்று. ஓடிப்போய்த் தாங்கினேன். என் மனைவி வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். "அண்ணி, இனிமே தள்ளாதீங்க" என்று அவளும் கெஞ்சினாள், நானும் கெஞ்சினேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "அவரு உசுரோட கீறாரான்னே தெரியல, இத எப்படி எடுத்துக்கறது?" என்றார்.

தள்ளிவைத்த நாளும் வந்தது. காலையில் கடையைத் திறக்கிறேன், அண்ணி பையோடு நிற்கிறார். தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டி.

"தம்பி, ஒரு ஆட்டோ புடி."

"அண்ணா கிட்டேர்ந்து..."

"வரல. ஆட்டோ புடி."

என் மனைவி கூடவே ஏறினாள். நான் வண்டியில் பின்னால் போனேன். ஆஸ்பத்திரியில், கணவர் எங்கே என்று கேட்டார்கள். "மேல" என்றார் அண்ணி. அங்கே எல்லாருக்கும் அந்தப் பதில் புரிந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோர் மடியிலும் ஒரு போன், எல்லோர் கண்ணும் அதன்மேல். கையெழுத்து வேண்டும் என்றதும் என் மனைவி முன்னால் போனாள். அண்ணி பேனாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "என் உடம்பு. நானே போடறேன்."

கதவு மூடியது. வெளியே யார் நிற்க வேண்டுமோ அவர் நிற்கவில்லை. அந்த இடத்தில் நான் நின்றேன். எனக்கு அங்கே நிற்க உரிமை இல்லாத மாதிரியும் இருந்தது, நகர்ந்தால் தப்பு என்கிற மாதிரியும் இருந்தது. உள்ளே ஒருத்தி, மேலே ஒருத்தர். எந்தப் பக்கத்திலிருந்து எந்தச் செய்தி முதலில் வரும் என்று தெரியாமல் சுவரில் சாய்ந்தும் சாயாமலும் நின்றிருந்தேன். கதவு திறந்து, "நல்லபடியா முடிஞ்சது" என்று நர்சம்மா சொன்னபோது என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாதி மூச்சுதான் வந்தது. மீதி மேலே இருந்தது.

அது இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் வந்தது. அண்ணியின் போன். வார்டில் தலையணைக்குப் பக்கத்தில் அடித்தது. அண்ணியால் கை தூக்க முடியவில்லை. என் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் காற்றுச் சத்தம். அப்புறம் அவர் குரல்.

"நான்தான். நல்லாக்கீறேன். எல்லாரும் நல்லாக்கீறோம்."

அண்ணி கண்ணை மூடினார். இரண்டு கண்ணோரமும் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. குரலில் மட்டும் அது வரவில்லை.

"சாப்ட்டியா மாமா?"

"சாப்ட்டேன். ஆபரேஷன் எப்ப வெச்சிருக்காங்க? சொல்லு."

"முடிஞ்சிச்சு."

காற்று மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். அறுபடவில்லை.

"முடிஞ்சிச்சா? கொஞ்சம்... எனக்காக..." அவர் முடிக்கவில்லை.

"என் முறை வந்துச்சு மாமா. போய்ட்டேன். நான் யாருக்கும் குடுக்கல."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி என் கையைப் பிடித்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணி அதை, இன்று என்ன குழம்பு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் அவர் வேகமாகப் பேசினார். அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "எக்ஸ்டென்ஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். போதும் எனக்கு. இங்க எல்லாம் அடங்கிடுச்சு, லீவு தொறந்துட்டாங்க. நாளைக்கு வண்டி எறங்குது. பாதி லீவுல திரும்பி வந்த வேற ஒருத்தன் எனக்கு முன்னாடி கீறான். நான் எங்க ஆபீசர் சாப் கிட்ட போய்க் கேக்கறேன். இத்தினி வருஷத்துல நான் அவர்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இல்லன்னு சொல்ல மாட்டாரு. நாளைக்கே எறங்கிடறேன்."

"முன்னாடி கீறவனுக்கு இன்னா?"

"அவங்கம்மா ஆஸ்பத்திரில கீறாங்க."

அண்ணி வலிக்கு மூச்சை மெதுவாக விட்டார்.

"அப்ப அவன் போவட்டும். யாரையும் எறக்கிட்டு வராத."

"சரி."

"அவனுக்கு அப்பறம் யாரு?"

"நான்தான்."

"உனக்கு அப்பறம்?"

"ஒரு பையன். தேனிக்காரன்."

அண்ணி கண்ணைத் திறந்து போனைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிகிற மாதிரி பார்த்தார்.

"அவன் பக்கம் திரும்பாத மாமா. அவனுக்கு இன்னா கஷ்டம்னு கேட்டுடாத."